கரட்டுநில ஊர்தி வடிவமைப்பு

கரட்டுநில ஊர்தி என்பது தார்ச்சாலை இல்லாத மலைத்தடம், மணல்வெளி, சேறு, ஓடைப்படுகை போன்ற இடங்களிலும் ஓடுவதற்கு ஏற்றவாறு வடிவமைக்கப்பட்ட தானுந்து ஆகும். தமிழ்நாட்டில் இது பொதுவாக ஜீப் என்றே வழங்கப்படுகிறது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லுதல், தரையிலிருந்து உயர்ந்த அடிப்பகுதி, வலுவான சட்டகம், மிகக் குறைந்த வேகத்தில் மிகுந்த இழுவிசை தரும் பல்லிணை ஆகியவை இதன் பொதுவான இயல்புகள். இவற்றில் எதை எவ்வளவு வைப்பது என்பதில் வடிவமைப்பாளர்களும் ஆர்வலர்களும் அடிக்கடி முரண்படுகின்றனர். ஒரு நிலத்துக்குப் பொருந்தும் வடிவம் மற்றொரு நிலத்தில் இடையூறாக அமைவதே இதற்கு முதன்மைக் காரணம். பொதிகை மலையில் தோன்றி ஏறத்தாழ 128 கி.மீ. ஓடிப் புன்னைக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணியின் பள்ளத்தாக்கிலும் அதன் அக்கம்பக்கத்திலும் மழைக்காடு, வயல், கரிசல், செம்மணல் தேரி ஆகிய நான்கும் அமைந்துள்ளன. எனவே இம்முரண்பாட்டை விளக்க இப்பகுதி நல்ல எடுத்துக்காட்டாகும்.

பெயர்

ஜீப் என்னும் சொல்லின் மூலம் உறுதியாகத் தெரியவில்லை. அமெரிக்கப் படையினரின் வழக்குச் சொல் என்றும், 1936இல் பாப்பாய் சித்திரக்கதையில் தோன்றிய ஒரு விலங்கின் பெயர் என்றும் கருத்துகள் உள்ளன. இது ஒரு நிறுவனத்தின் பதிவு பெற்ற வணிகப்பெயர். ஆயினும் தமிழ்ப் பேச்சுவழக்கில் பொதுப்பெயராகிவிட்டது. காவல்துறையின் பொலிரோவும் வனத்துறையின் ஜிப்சியும் ஊராரின் வாயில் ஜீப்தான்.

தோற்றம்

இவ்வகை ஊர்திகளின் முன்னோடி, 1941 முதல் அமெரிக்கப் படைக்காக வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் உருவாக்கிய சிறு வண்டியாகும். அதன் சக்கர அச்சுகளுக்கு இடைப்பட்ட தொலைவு 80 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2,032 மி.மீ. மட்டுமே. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன.

இந்தியாவில் 1945இல் தொடங்கப்பட்ட மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாகத் தருவித்துப் பூட்டத் தொடங்கியது. பின்னர் உரிமம் பெற்று உள்நாட்டிலேயே தயாரித்தது. அமெரிக்காவில் கைவிடப்பட்ட வடிவங்கள் இந்தியாவில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. டீசல் பொறி பொருத்தப்பட்ட எம்எம் 540 போன்ற வகைகள் 1980களில் வந்தன. 1985 டிசம்பரில் மாருதி நிறுவனம் சுசூகியின் வடிவத்தைக் கொண்டு ஜிப்சியை வெளியிட்டது. 2010இல் மகிந்திராவின் தார் வந்தது. பாலைநிலத்தின் பெயரைக் கொண்ட இவ்வண்டியின் இரண்டாம் தலைமுறை 2020இல் வெளியானது. ஃபோர்ஸ் நிறுவனத்தின் கூர்க்கா, 2023இல் வந்த சுசூகி ஜிம்னி ஆகியவை ஏனைய குறிப்பிடத்தக்க வகைகள்.

மலைத்தடமும் கோணங்களும்

மணிமுத்தாறு அணையிலிருந்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய இடங்களுக்கு ஏறும் பாதை குறுகிய வளைவுகளும் மழையில் அரிக்கப்படும் கற்பரப்பும் கொண்டது. 1929இல் சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்ட நிலத்தில் பம்பாய் பர்மா வணிகக் கழகம் இங்குத் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. தோட்டம் இயங்கிய காலத்தில் ஜீப் இங்கு அன்றாடக் கருவியாக இருந்தது. எனினும் தொழிலாளர்களை ஏற்றி இறக்கியது பெரும்பாலும் பின்சக்கர விசை மட்டுமே கொண்ட அரசுப் பேருந்து என்பதையும் குறிப்பிட வேண்டும். நல்ல ஓட்டுநரும் உயரமான சக்கரங்களும் இருந்தால் நாற்சக்கர விசை இல்லாமலேயே நெடுந்தொலைவு செல்லலாம் என்பதற்கு அப்பேருந்தே சான்று.

இத்தகைய பாதையில் மூன்று கோணங்கள் முதன்மை பெறுகின்றன. முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து முன்தாங்கியின் அடிவிளிம்பு வரை வரையப்படும் கோடு தரையுடன் அமைக்கும் கோணம் அணுகுகோணம் ஆகும். பின்புறத்தில் இதற்கு இணையானது விலகுகோணம். இரு சக்கரங்களுக்கும் நடுவே அடிவயிறு மேட்டில் தட்டாமல் கடக்க உதவுவது முகட்டுக்கோணம். முன்னும் பின்னும் உடல் நீண்டிருந்தால் முதலிரண்டும் குறையும். அச்சிடைத் தொலைவு கூடினால் மூன்றாவது குறையும்.

2020ஆம் ஆண்டுத் தாரின் அச்சிடைத் தொலைவு 2,450 மி.மீ. அதன் முகட்டுக்கோணம் ஏறத்தாழ 27 பாகை. 2024இல் வந்த ஐந்து கதவுகள் கொண்ட தார் ராக்ஸில் அச்சிடைத் தொலைவு 2,850 மி.மீ. ஆகக் கூடியதால் அக்கோணம் ஏறத்தாழ 24 பாகையாகக் குறைந்தது. அணுகுகோணத்தில் மாற்றம் இல்லை எனலாம். 40 செ.மீ. நீளம் பின்னிருக்கையில் அமர்பவருக்கு வசதி தருகிறது. அதே நீளம் ஒரு பாறை முகட்டில் வண்டியின் வயிற்றைத் தட்ட வைக்கிறது. கொண்டையூசி வளைவில் ஒரே மூச்சில் திரும்புவதா, பின்னுக்கு வந்து மீண்டும் திரும்புவதா என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

தரையிடைவெளி என்று விளம்பரங்களில் தரப்படும் எண் பெரும்பாலும் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் உறையின் அடிப்பகுதிக்குரியது. தாருக்கு இது 226 மி.மீ., ஜிம்னிக்கு 210 மி.மீ. இதைக் கூட்ட விரும்புவோர் சுருள்வில்லை உயர்த்துவதுண்டு. ஆனால் அச்சு சக்கரத்தின் மையத்தில் இருப்பதால் வில்லை உயர்த்தினால் உடல்தான் உயரும், அச்சு உயராது. அதை உயர்த்தப் பெரிய சக்கரமே பொதுவான வழி. கட்டை வண்டியின் சக்கரம் ஆளுயரத்தை நெருங்கி இருந்ததற்கும் இதுவே காரணம். பெரிய விட்டமுடைய சக்கரம் குழிக்குள் குறைவாக இறங்கும், கல்லின்மேல் எளிதாக ஏறும்.

முழு அச்சும் தனித்த தொங்கலும்

இரு சக்கரங்களையும் ஒரே உறுதியான குழாயால் இணைக்கும் முழு அச்சு பழைய முறை. ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறும்போது அச்சு முழுவதும் சாய்ந்து மறுசக்கரத்தைக் கீழே அழுத்துகிறது. டிஃபரன்ஷியல் உறையும் கல்லோடு சேர்ந்து மேலெழுகிறது. தனித்த தொங்கல் முறையில் ஒவ்வொரு சக்கரமும் தன்னளவில் அசைகிறது. தார்ச்சாலையில் இது மிகுந்த நிலைத்தன்மையும் குலுக்கமின்மையும் தருகிறது. கரட்டு நிலத்திலோ சக்கரம் மேலேறும்போது உடலின் அடிப்பகுதி தரையை நெருங்கிவிடுகிறது.

ஜிப்சியில் முன்னும் பின்னும் முழு அச்சும் பட்டை வில்களும் இருந்தன. ஜிம்னி முழு அச்சுகளை வைத்துக்கொண்டு பட்டை வில்லுக்குப் பதில் சுருள்வில்லை ஏற்றது. தார் முன்புறம் தனித்த தொங்கலும் பின்புறம் முழு அச்சும் கொண்ட நடுவழியைத் தேர்ந்தது. முதல் தலைமுறைத் தாரில் பின்புறம் இருந்த பட்டை வில் 2020இல் சுருள்வில்லாக மாறியது. ஆர்வலருள் ஒரு சாரார் முன்புறமும் முழு அச்சு வேண்டும் என்று இன்றும் கேட்கின்றனர். ஆயினும் வண்டியின் பயணத்தில் பெரும்பங்கு நெடுஞ்சாலையில் கழிகிறது. திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் செல்லும் ஒருவருக்கு முழு அச்சின் நன்மை எதுவும் கிட்டாது. அதன் குலுக்கம் மட்டுமே கிட்டும்.

உலக அளவிலும் இவ்வழக்கு உண்டு. லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் புதிய வடிவம் ஏணிச் சட்டகத்தைக் கைவிட்டு ஒற்றைக்கூட்டு உடலமைப்பை ஏற்றபோது பழைய ஆர்வலர் பலர் மனம் நொந்தனர். அந்த இடத்தை நிரப்பும் நோக்குடன் ஏணிச் சட்டகமும் முழு அச்சுகளும் கொண்ட இனியோஸ் கிரெனேடியர் உருவாக்கப்பட்டது.

டிஃபரன்ஷியல் பூட்டும் டிராக்டரும்

வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட நெடுந்தொலைவு செல்ல வேண்டும். அவ்வேறுபாட்டுக்கு இடமளிப்பது டிஃபரன்ஷியல். இதில் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் சேற்றிலோ காற்றிலோ பிடிமானம் இழந்தால் அது வீணாகச் சுழலும். பிடிமானமுள்ள மறுசக்கரம் அசையாமல் நிற்கும். நாற்சக்கர விசை இருந்தும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரு சக்கரங்கள் பிடிமானம் இழந்தால் வண்டி நின்றுவிடக்கூடும். இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பிணைக்கும் டிஃபரன்ஷியல் பூட்டு இதற்குத் தீர்வாகும். 2021ஆம் ஆண்டு கூர்க்காவில் முன், பின் இரண்டுக்கும் இத்தகைய பூட்டுகள் உள்ளன. ஜிம்னியில் பூட்டு இல்லை. வீணாகச் சுழலும் சக்கரத்தைத் தானே தடைபிடித்து விசையை மறுசக்கரத்துக்குத் தள்ளும் மின்னணு முறை உள்ளது. இது இலேசானது, மலிவானது. ஆனால் சக்கரம் சற்றே சுழன்ற பிறகுதான் வேலை செய்யும்.

ஜீப் ஆர்வலர் பெருஞ்சிறப்பாகக் கருதும் இப்பூட்டு உழவர்களுக்குப் புதிதன்று. டிராக்டரில் காலால் மிதிக்கும் பூட்டு நெடுங்காலமாகவே உண்டு. தாமிரபரணிப் பாசனத்தில் தொளியடிக்கும் வயலுக்குள் எந்த ஜீப்பும் இறங்குவதில்லை. இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டரே இறங்குகிறது. அவ்வகையில் பள்ளத்தாக்கின் உண்மையான கரட்டுநில ஊர்தி டிராக்டர்தான் என்று கூறலாம்.

வாய்க்கால் கரைப்பாதைகளில் வேறொரு அளவு முன்னிற்கிறது. அங்கு வேண்டுவது உயரமன்று, ஒடுக்கம். ஜிப்சியின் அகலம் 1,540 மி.மீ., ஜிம்னியுடையது 1,645 மி.மீ., தாருடையது 1,820 மி.மீ. ஒரு பக்கம் வாய்க்காலும் மறுபக்கம் வயலும் இருக்கும் கரையில் இந்த 28 செ.மீ. வேறுபாடு பெரிது. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய டவுண் தெருக்களில் எதிரே ஆட்டோ வரும்போதும் அவ்வாறே.

கரிசலும் தேரியும்

பள்ளத்தாக்கின் வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் மண் காய்ந்தால் கல்லாக வெடிக்கும், நனைந்தால் பசையாகும். டயரின் வரிப்பள்ளங்களில் இம்மண் அப்பிக்கொண்டால் டயர் வழவழப்பான உருளையாகிவிடும். இடைவெளி அகன்ற கட்டிகள் கொண்ட சேற்று டயர், சுழலும்போது மண்ணை உதறிவிடுகிறது. அதே டயர் தார்ச்சாலையில் இரைச்சலிடும். ஈரமான சாலையில் தடைபிடிக்க நெடுந்தொலைவு எடுக்கும்.

திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிகளில் நிலைமை நேர்மாறு. குதிரைமொழித் தேரியும் கற்குவேல் அய்யனார் கோயில் அமைந்த தேரிக்குடியிருப்பும் இவற்றுள் பெயர் பெற்றவை. காற்றால் இடம்பெயரும் நுண்ணிய செம்மணலைக் கரட்டு டயர் தோண்டிக்கொண்டு கீழே இறங்கிவிடும். இங்குக் காற்றழுத்தத்தைக் குறைப்பதே முதல் வழி. அழுத்தம் குறைந்த டயர் நீளவாக்கில் படிந்து தரையைத் தொடும் பரப்பைக் கூட்டுகிறது. அதனால் ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மீதும் விழும் எடை குறைகிறது. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடைக்காவிட்டால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும்.

மணலில் எடைகுறைவுக்கு ஈடான கருவி இல்லை. ஜிப்சியின் எடை ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவு. அதன் பொறி சிறியதாயினும் இராணுவமும் மலைப்பந்தய ஓட்டுநர்களும் அதை விரும்பியதற்கு எடைகுறைவே பெருங்காரணம். ஜிம்னி ஏறத்தாழ 1.2 டன். தாரும் கூர்க்காவும் இவற்றைவிடப் பல நூறு கிலோ கனமானவை.

பகுதிநேர நாற்சக்கர விசை கொண்ட வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைக்கப்படுகின்றன. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தொலைவு செல்வதால் உலர்ந்த சாலையில் விசைத்தண்டுகள் முறுக்கிக்கொள்ளும். மணலிலும் சேற்றிலும் சக்கரம் சற்று வழுக்கி அம்முறுக்கைத் தளர்த்திவிடும். எனவே சாலையில் இருசக்கர விசை, கரட்டில் நாற்சக்கர விசை என மாற்றிக்கொள்ள வேண்டும். அத்துடன் உள்ள தாழ்வேகப் பல்லிணை இழுவிசையை ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மடங்கு வரை பெருக்குகிறது. ஏற்றத்தைவிட இறக்கத்தில் இதன் பயன் மிகுதி. தடையை மிதிக்காமலேயே பொறியின் இழுப்பால் வண்டி மெல்ல இறங்கும்.

நீரில் செல்லுதல்

தாருக்கு 650 மி.மீ. ஆழம் வரை நீரில் செல்லலாம் என்று தயாரிப்பாளர் கூறுகிறார். பொறிக்குக் காற்று செல்லும் வாயின் உயரம், மின்கருவிகளின் இருப்பிடம், அச்சுகளின் காற்றுக்குழாய் ஆகியவற்றைக் கொண்டு இவ்வெண் குறிக்கப்படுகிறது. காற்றுவாய் வழியே நீர் உருளைக்குள் புகுந்தால் நீர் அழுந்தாத காரணத்தால் உந்துத்தண்டு வளைந்து பொறி கெடும். கூர்க்காவில் காற்றுவாய் கூரையளவுக்கு உயர்த்தப்பட்டிருப்பது இதற்காகவே.

இவ்வெண் நின்ற நீருக்கு உரியது என்பது பலரால் மறக்கப்படுகிறது. ஏறத்தாழ 4 சதுர மீட்டர் அடித்தளம் கொண்ட வண்டியில், உள்ளே நீர் புகாதவரை, அடித்தளத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ. நீரும் ஏறத்தாழ 400 கிலோ எடையைத் தூக்கிவிடும். மிதப்பதற்கு முன்பே டயர்கள் பிடிமானம் இழக்கும். ஓடும் நீர் அதைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்து தாமிரபரணி கரைபுரண்டது. திருநெல்வேலி சந்திப்புப் பகுதி நீரில் மூழ்கியது. திருவைகுண்டம் நிலையத்தில் தொடர்வண்டிப் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கினர். அப்போது மக்களை மீட்கப் படகுகளும் உலங்கூர்திகளும் வேண்டியிருந்தன. அத்தகைய வெள்ளம் எந்தச் சாலை ஊர்தியின் அளவுக்குள்ளும் அடங்குவதன்று.

ஆர்வலர் எதிர்பார்ப்பு

ஆர்வலர் கேட்பவை ஏறத்தாழ எங்கும் ஒன்றே: எடை குறைவு, குட்டையான உடல், கையால் இழுக்கும் நெம்புகோல், பூட்டும் டிஃபரன்ஷியல், கழற்றக்கூடிய கூரை, சிற்றூர்ப் பட்டறையிலும் பழுதுபார்க்க முடிகிற எளிமை. பழைய ஜீப்பில் இவற்றுள் பல இயல்பாகவே இருந்தன. குளிர்பதனம், காற்றுப்பை, நாற்பக்கமும் இரைச்சல் தடுப்பு ஆகியவற்றையும் அதே ஆர்வலர் கேட்கும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. இவை ஒவ்வொன்றும் எடையையும் சிக்கலையும் கூட்டுபவை.

பாதுகாப்பு விதிகள் இதில் ஒரு பக்கத்தை முடிவு செய்துவிட்டன. காற்றுப்பை முதலியவை கட்டாயமானபோது ஜிப்சி 2019இல் பொது விற்பனையிலிருந்து விலகியது. எதிரெதிரே நீளிருக்கைகள் வைத்துப் பத்துப்பேரை ஏற்றுவது பழைய ஜீப்பின் வழக்கம். பக்கம் பார்த்து அமர்பவரை மோதலின்போது காப்பது கடினம். 2020ஆம் ஆண்டுத் தாரின் தொடக்க வகையில் இருந்த பக்க இருக்கைகள் விரைவில் கைவிடப்பட்டன. முன்நோக்கிய இருக்கைகள் கொண்ட வகையே அவ்வாண்டு குளோபல் என்கேப் மோதல் ஆய்வில் நான்கு விண்மீன் பெற்றது. ஆர்வலர் சிலர் இழப்பாகக் கருதும் இம்மாற்றம் பின்னால் அமரும் குழந்தைகளுக்கு நன்மையே.

சந்தையும் தன் தீர்ப்பைக் கூறியது. பிற நாடுகளில் மூன்று கதவுகளுடன் புகழ்பெற்ற ஜிம்னி இந்தியாவில் ஐந்து கதவுகளுடனேயே விற்பனைக்கு வந்தது. 2024இல் தாரும் கூர்க்காவும் ஐந்து கதவு வடிவம் பெற்றன.

வரியும் சட்டமும்

நான்கு மீட்டருக்கு உட்பட்ட, பெட்ரோலாயின் 1,200 கன செ.மீ., டீசலாயின் 1,500 கன செ.மீ. மிகாத பொறியுடைய தானுந்துகளுக்கு வரிச்சலுகை 2006 முதல் உள்ளது. 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றுக்கு 18 விழுக்காடும் பெரியவற்றுக்கு 40 விழுக்காடும் சரக்கு சேவை வரி. தார், ஜிம்னி இரண்டும் 3,985 மி.மீ. நீளத்தில் நிற்பதை இப்பின்னணியில் காண வேண்டும். எனினும் ஜிம்னியின் 1,462 கன செ.மீ. பெட்ரோல் பொறி வரம்பை மீறுவதால் நீளம் மட்டும் அதற்குச் சலுகை பெற்றுத் தரவில்லை. 2023 சனவரியில் 1.5 லிட்டர் டீசல் பொறியுடன் வந்த தார் வரம்புக்குள் அடங்கியது. ஆனால் அதில் நாற்சக்கர விசை இல்லை. தோற்றத்தில் கரட்டுநில ஊர்தியாகவும் இயக்கத்தில் பின்சக்கர விசைத் தானுந்தாகவும் அமைந்த அவ்வகை பலருக்குப் போதுமானதாக இருந்தது.

வாங்கிய பின் மாற்றியமைப்பதிலும் தடைகள் உள்ளன. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பதிவுச்சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. முன்புறம் பொருத்தும் இரும்புத் தடுப்புகளை அகற்றுமாறு 2017 டிசம்பரில் நடுவண் அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அத்தடுப்பு, மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை ஏற்க வேண்டிய பகுதியைச் செயலற்றதாக்குவதுடன், குறுக்கே வருபவருக்குக் காயத்தையும் கூட்டுகிறது.

காடும் தடமும்

தாமிரபரணி மேற்பள்ளத்தாக்கின் பெரும்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துள் அடங்கும். 1962இல் அமைந்த முண்டந்துறை, 1976இல் அமைந்த களக்காடு ஆகிய சரணாலயங்களை இணைத்து 1988இல் இது உருவானது. இங்கு நுழைவதற்கு வனத்துறையின் இசைவு வேண்டும். தடத்தை விட்டு விலகி ஓட்டுதல் குற்றம். ஆர்வலர் விரும்பும் ஓடைப்படுகையும் ஈரச்சரிவுமே டயரால் எளிதில் கெடுபவை. அழுந்திய மண்ணில் நீர் இறங்காது. சக்கரத்தடம் அடுத்த மழையில் ஓடையாகிச் சரிவை அரிக்கும். தேரியிலும் காற்றைத் தடுக்க வளர்க்கப்பட்ட பனையும் கொல்லாமரமும் மணலைப் பிடித்து நிற்கின்றன. அவற்றின் இளங்கன்றுகள்மீது சக்கரம் ஏறினால் மணல் மீண்டும் நகரும். எனவே இந்தியாவில் இவ்விளையாட்டு பெரும்பாலும் தனியார் நிலங்களில் அமைத்த தடங்களில் நடத்தப்படுகிறது.

காப்பகத்தின் உள்ளே காரையாறு, மயிலாறு பக்கத்துக் காணி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. மாஞ்சோலைத் தோட்டத்தை நடத்திய நிறுவனம் 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அளித்து வெளியேறும் பணியைத் தொடங்கியது. மலையில் எஞ்சியிருப்போருக்கு நோயாளியைக் கீழே கொண்டுவர ஒரு வண்டி கிடைக்குமா என்பது முகட்டுக்கோணத்தைவிட முந்திய கேள்வியாக உள்ளது.